மொட்டை மாடியில் ஒரு மாசி வீதி

மதுரைக்குப் புதிதாக வருகிறவருக்கு வழி சொல்லுவது வெகு சுலபம். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதையும் சுற்றி மாசி வீதி. எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம். வழி தப்பிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். (முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொள்வது உத்தமம்.)

இதே சமாசாரத்தைச் செம்புக் கம்பியால் செய்து, மூங்கில் கழிகளில் மாட்டி, மொட்டை மாடியில் தூக்கி நிறுத்தினால் அதற்குப் பெயர் 'குவாட் ஏரியல்'. ஆன்டெனா என்று சொல்லுவதுதான் இப்போது நாகரிகம். நமக்கு ஏரியல் போதும். நாலு மூலையும் சரியாக அமைந்த இந்தக் கம்பிச் சதுரத்தை வைத்துக்கொண்டு, கூடத்தில் எரிகிற ஓர் எல்.ஈ.டி. பல்புக்கு வேண்டிய மின்சாரத்தில், மதுரையில் உட்கார்ந்தபடி ஜப்பான்காரரோடு பேசலாம் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பலாம். எப்படி என்று பார்ப்போம்.

பேச்சுக்கு ஒரு பரீட்சை

முதலில், யார் இப்படிப் பேசுகிறவர்கள்? அமெச்சூர் ரேடியோக்காரர்கள். உலகம் முழுவதும் இவர்களுக்கு 'ஹாம்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. சம்பளம் கிடையாது, லாபம் கிடையாது. பொழுதுபோக்காகச் சொந்தத்தில் ஒரு ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு, தங்களைப் போன்ற மற்றவர்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள். ஆனால் நினைத்தவுடன் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசுகிற சுதந்தரம் இங்கே இல்லை. மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்க வேண்டும். தேறியவருக்கு 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புப் பெயர் ஒன்று கிடைக்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புப் பெயர் வி.யு. 2 ஆர்.ஜி. அரசியல் பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது என்பது சட்டம். அரசியல்வாதி ஒருவருக்கு அரசியல் பேசாமல் இருக்க ஓர் இடம் வாய்த்தது என்றால் அது இதுவாகத்தான் இருக்கும்!

தமிழ்நாட்டுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1924-ஆம் வருஷமே சி. வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் ஒரு ரேடியோ கிளப்பை ஆரம்பித்து, ஒலிபரப்பும் செய்து காட்டினார். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. பணமுடையால் 1927-இல் கிளப் நின்றது. அதன் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை கார்ப்பரேஷன் 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்தியது. ஆக, நம் பக்கத்தில் ரேடியோவின் கதை சர்க்கார் கட்டடத்தில் தொடங்கவில்லை. ஆசை கொண்ட ஒரு சிலருடைய கையில்தான் தொடங்கியது.

"கையிலே செல்போன் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன். இந்தக் கம்பியும் கழியும் எதற்கு?" என்று பாட்டிமார்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுகிறேன்.

மீன் முள்ளும் கொடைக்கானலைவிட உயரமான ஊரும்

1980-களில் தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வீட்டு உச்சியில் நெடிய குழாய். அதன் தலையில் மீன் முள்ளைப் போல அலுமினியக் கம்பிகள். அப்பா மாடியில் நின்று குழாயைத் திருப்புவார். "தெரியுதாடா?" என்று மேலிருந்து குரல் வரும். "இல்லப்பா, இன்னுங் கொஞ்சம்… ஐயோ, போயிருச்சுப்பா!" என்று கீழிருந்து பதில் போகும். இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க நடந்த பகீரதப் பிரயத்தனம் அது.

அந்த மீன் முள்ளின் பெயர் 'யாகி'. ஜப்பானில் ஹிடெட்சுகு யாகி, ஷிண்டாரோ உடா என்ற இரு பேராசிரியர்கள் 1926-இல் உலகுக்குச் சொன்ன சங்கதி. சொந்த ஊரில் அதை யாரும் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது பிரிட்டிஷாரின் ராடார் குறிப்புகள் சில அவர்கள் கையில் அகப்பட்டன. அதில் 'யாகி' என்று ஒரு வார்த்தை அடிக்கடி வந்தது. அர்த்தம் புரியாமல் பிரிட்டிஷ் கைதி ஒருவரை விசாரித்தால், "அது உங்கள் நாட்டு மனிதர் பெயர்தானே!" என்றாராம். உள்ளூர்க்காரனுக்கு உள்ளூரில் என்ன மரியாதை என்பது எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், பூமியின் மறுபக்கத்தில், யாகி ஏரியல் ஒருவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்று ஒரு தேசம். அதன் தலைநகர் கிட்டோ, கடல் மட்டத்துக்கு மேலே 9,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. நம் கொடைக்கானலைவிட இன்னும் 2,000 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எச்.சி.ஜே.பி. என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு நிலையம் 1931-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் தினத்திலிருந்து நடந்து வந்தது. பிற்பாடு 10,000 வாட் சக்தியுள்ள கருவியை அங்கே வைத்தபோது, இரவு நேரத்தில் யாகி ஏரியலின் கம்பி நுனிகளில் நெருப்புப் பூக்கள் பூத்தன. வேடிக்கை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நுனிகள் உருகி அலுமினியத் துண்டுகள் தரையில் விழத் தொடங்கின.

காரணம் இதுதான். நீளமான கம்பியில் ரேடியோ மின்சாரம் ஓடும்போது இரண்டு நுனிகளிலும் மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறி நிற்கும். சமவெளியில் காற்று அடர்த்தி, தாங்கிக்கொள்ளும். மலை உச்சியில் காற்று லேசு. தாங்காமல் பொறி பறக்கும். நுனியில் உலோகக் குமிழ் வைத்துப் பார்த்தும் தீரவில்லை.

அந்த நிலையத்தில் கிளாரன்ஸ் மூர் என்ற என்ஜினீயர் இருந்தார். போசோர்ஹா என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போனபோதுகூட மூட்டை மூட்டையாகத் தொழில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போனார். யோசித்து யோசித்துக் கடைசியில் அவருக்குப் பட்டது ஒரு குழந்தைக்கும் தோன்றக்கூடிய யோசனை: நுனியில்தானே தொல்லை? நுனியே இல்லாத கம்பியாகச் செய்துவிட்டால்? கம்பியைச் சுற்றி வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டால்?

மாசி வீதி பிறந்துவிட்டது! ஒரு சதுரக் கம்பி. அதன் பின்னால் கொஞ்சம் பெரியதாக இன்னொரு சதுரம். கிட்டோவில் நெருப்புப் பூ உதிர்வது நின்றது. 1951-இல் மூருக்கு இதற்காக அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அதற்குள்ளேயே ஹாம்கள் இதைக் கொல்லைப்புறத்தில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். யாகிக்கு அலுமினியக் குழாய் வேண்டும். குவாடுக்கு மூங்கில் போதும், கம்பி போதும். ஏழைக்கு ஏற்ற ஏரியல் என்பதால்தான் இது வீடு வீடாகப் பரவியது.

பின்னால் ஒரு தகரத் தட்டு

இரண்டாவது சதுரம் எதற்கு? பழைய வீடுகளில் சுவரில் மாட்டுகிற சிம்னி விளக்கு இருக்கும். அதன் முதுகில் பளபளவென்று ஒரு தகரத் தட்டு. சுவருக்குப் போய் வீணாகிற வெளிச்சத்தை அந்தத் தட்டு முன்பக்கம் தள்ளிவிடும். பின்னாலிருக்கும் சதுரம் செய்வதும் அதே வேலைதான். அதற்கு மின்சாரம் கொடுப்பதில்லை, கேபிள் இணைப்பதில்லை. சும்மா நிற்கிறது. முன் சதுரம் கிளப்பும் அலையைப் பின்னால் போகவிடாமல் முன்னோக்கித் திருப்பிவிடுகிறது. இப்படி இரண்டு சதுரம் நிறுத்தினால், சாதாரணமாகக் கொடி மாதிரி இழுத்துக் கட்டிய கம்பியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பலம் முன்பக்கம் கிடைக்கும். 10 வாட் போட்டவர் 30 வாட் போட்டவரைப் போலக் கேட்பார். மின்சாரக் கட்டணம் அதே 10 வாட்டுக்குத்தான்!

கடைக்குப் போவோம்

இனி வேலை. ஹாம்கள் 'பத்து மீட்டர்' என்று அழைக்கிற 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு குவாட் கட்டுவோம். சதுரம் சின்னது, முதல் முயற்சிக்கு அதுதான் சரி.

முதலில் மூங்கில். ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு கழி, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் 7 அடி இருக்கட்டும். கட்டை விரல் பருமன் போதும். உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி மூங்கிலாகப் பார்த்து எடுக்க வேண்டும். மூங்கில் கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு போங்கள்:

"என்ன தம்பி, பந்தலுக்கா?"

"இல்லண்ணே, ரேடியோவுக்கு."

"ரேடியோவுக்கு எதுக்குத் தம்பி மூங்கிலு?"

"ஏரியல் கட்டண்ணே. எட்டுக் கழி வேணும்."

கடைக்காரர் ஒரு நிமிஷம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு நல்ல கழியாகத்தான் பொறுக்கிக் கொடுப்பார். தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுத்துப் போகாது என்று பெரியவர்கள் சொல்லுவதுண்டு. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் வார்னிஷ் இரண்டு பூச்சு அவசியம். கணுக்களுக்கு நடுவே வெடிக்காமல் இருக்க நைலான் நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடுவதும் நல்லது. இன்னொரு விஷயம்: மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வீட்டு வாசலில் நுழையாதீர்கள். முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். விஷயம் தெரியாத அம்மா, "அடப் பாவி, நல்ல நாளும் அதுவுமா மூங்கிலும் கயிறுமா வந்து நிக்கிறியே!" என்று பதறிப்போவாள்.

அடுத்தது கம்பி. மதுரையைச் சுற்றிய சமவெளியில் கிணறு இல்லாத ஊர் கிடையாது; கிணறு இருந்தால் பம்ப் செட் உண்டு; பம்ப் செட் இருந்தால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை உண்டு. அந்தக் கடையில் எனாமல் பூசிய செம்புக் கம்பி எடைபோட்டு விற்பார்கள். 16-ஆம் நம்பர் கம்பி தோதாக இருக்கும். முன் சதுரத்துக்கு 35 அடி 5 அங்குலம். பின் சதுரத்துக்கு 36 அடி 3 அங்குலம். இணைப்புக்குக் கொஞ்சம் சேர்த்து 75 அடி வாங்கினால் தாராளம். அரைக் கிலோகூட வராது.

இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. 1005 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் முன் சதுரத்தின் சுற்றளவு அடிக்கணக்கில் வரும். 1030-ஐ வகுத்தால் பின் சதுரம். நாம் எடுத்துக்கொண்டது 28.4 மெகாஹெர்ட்ஸ். முன் சதுரத்தின் ஒரு பக்கம் 8 அடி 10 அங்குலம். பின் சதுரத்துக்கு 9 அடி 1 அங்குலம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. கணக்கென்றால் ஓடுகிற பிள்ளையாக இருந்தால் இதைக் காட்டி உட்காரவைக்கலாம். வீட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை போட்ட வயரை உபயோகித்தால் மட்டும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அளவைக் குறைக்க வேண்டும். உறை அலையின் வேகத்தைச் சற்றுத் தடுக்கிறது.

மூன்றாவது, வெல்டிங் பட்டறை. இரும்பு ஆங்கிள் துண்டுகளைப் பெருக்கல் குறிபோல ஒட்டவைத்து இரண்டு சிலுவைகள் செய்து தரச் சொல்லுங்கள். 6 அடி நீளமுள்ள ஓர் உத்திரக் குழாயின் இரு முனைகளிலும் இந்தச் சிலுவைகள் நிற்க வேண்டும். ஒவ்வொரு சிலுவையின் நாலு கைகளிலும் நாலு மூங்கிலை வைத்து ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் எலும்புக்கூடு தயார். பார்ப்பதற்கு, துணியைக் கழற்றிய இரண்டு குடைகள் எதிரும் புதிருமாக நிற்பதுபோல இருக்கும்.

இப்போது கம்பி. மூங்கில்களின் நுனியில் கம்பியை நைலான் கயிற்றால் கட்டி நாலு பக்கமும் இழுத்துவிடுங்கள். பின் சதுரத்தின் இரு முனைகளையும் எனாமலைச் சுரண்டி, சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து மூடிவிடலாம். முன் சதுரத்தில் மட்டும், கீழ்ப் பக்கத்தின் நட்டநடுவே வாசல். அங்கே கம்பியின் இரு முனைகளையும் ஒரு பிளாஸ்டிக் துண்டில் தனித்தனியே கட்டி, ஒன்றில் கேபிளின் நடுக் கம்பியையும் மற்றதில் அதன் வெளிக் கவசத்தையும் இணைக்க வேண்டும். டி.வி.க்காகத் தெருத் தெருவாக ஓடுகிற அதே 75 ஓம் கேபிள் இதற்குப் பொருந்தும். அதன் கவசம் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. திருகு போட்டு இறுக்குங்கள். இணைத்த இடத்துக்கு அருகிலேயே கேபிளை ஏழெட்டுச் சுற்று வளையமாகச் சுற்றிக் கட்டிவிட்டால், அலை கேபிளின் மேல் வழியாக வீட்டுக்குள் இறங்கி வந்து தொந்தரவு செய்யாது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. புது மண்டபத்தில் பல தலைமுறையாகத் தையல் மெஷின் ஓட்டிய தையற்காரர்களுக்கு ஒரு விதி உண்டு: பெரிதாக வெட்டியதைப் பிடித்துத் தைக்கலாம், சிறிதாக வெட்டியதை என்ன செய்வது? ஆகவே முன் சதுரத்தை இரண்டு அங்குலம் நீளமாகவே கட்டுங்கள். பிறகு அளவுக் கருவியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள். முன்பு பெரிய ஆராய்ச்சிச்சாலையில் மட்டுமே இருந்த அந்த அளவுக் கருவி இப்போது உள்ளங்கை அளவில் சில ஆயிரம் ரூபாய்க்கு வருகிறது. நாலைந்து ஹாம்கள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

பேசுகிற பெட்டிக்கு என்ன செய்வது? விலைக்கு வாங்கினால் பணம் கனம்தான். ஆனால் அதையும் கையால் செய்ய வழி இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் என்ற ஹாம், 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்று ஒரு பெட்டியை வடிவமைத்தார். சாதாரண எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற சாமான்கள்; அதிலே ஒரு காயிலைச் சுற்றத் தண்ணீர்க் குழாயில் போடுகிற வாஷர்! அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பல தேசங்களில் ஹாம்கள் பெட்டி செய்தார்கள். அது 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரியது. அதற்கு வேண்டிய சதுரத்துக்குப் பக்கம் 17 அடி 9 அங்குலம். கைப் பழகிய பிறகு மூங்கிலை நீளமாக்கி, வெளியே 14-க்கு ஒரு சதுரம், நடுவே 21-க்கு ஒன்று, உள்ளே 28-க்கு ஒன்று என்று அதே கழிகளில் மாட்டலாம். அப்போது நிஜமாகவே உங்கள் மாடியில் வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி மூன்றும் இருக்கும்.

எந்த மூலைக்கு எந்த தேசம்?

ஏரியலை ஒரு குழாயில் ஏற்றி, கயிறு கட்டித் திருப்பும்படி வைத்தால் போதும். மோட்டார் வேண்டாம், கை இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு வாஸ்து பார்த்தாலே சரியாக வரும். ஈசானிய மூலைக்குத் திருப்பினால் ஜப்பான். அக்கினி மூலைக்கு ஆஸ்திரேலியா. நிருருதி மூலைக்குத் தென்னாப்பிரிக்கா. வாயு மூலைக்கு ஐரோப்பா. அமெரிக்கா எங்கே என்றால் பலர் மேற்கே கை காட்டுவார்கள். பூமி உருண்டை அல்லவா? மதுரையிலிருந்து அமெரிக்காவுக்குக் குறுக்கு வழி ஏறக்குறைய நேர் வடக்கு. வட துருவத்தின் பக்கமாகப் போகிறது.

ஆனால் எப்போது வேண்டுமானாலும் எல்லா ஊரும் கேட்டுவிடாது. பத்து மீட்டர் அலைக்கு எஜமானர் சூரிய பகவான். அவருடைய கதிர்கள் ஆகாயத்தின் உயரத்தில் ஒரு மின் மண்டலத்தை உண்டாக்குகின்றன. நம் அலை அதில் பட்டுத்தான் தூர தேசத்தில் இறங்குகிறது. சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமான வருஷங்களில் அந்தக் கூரை பலமாக இருக்கும். குறைந்த வருஷங்களில் அலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு முறை இது ஏறி இறங்குகிறது. 2024 அக்டோபரில், சூரியன் உச்ச கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இந்தப் புள்ளிகளை நூறு வருஷத்துக்கு மேலாகப் படம் பிடித்து வைத்திருக்கிற இடங்களில் ஒன்று, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையம்.

ஆடிக் காற்றும் அனுமாரும்

குவாடுக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். அகலமாக நிற்பதால் காற்று அதன்மேல் பாயும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள், மூங்கில் எம்மாத்திரம்? குழாயை மூன்று பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். அழகர் மலைப் பக்கம் வீடு உள்ளவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். குரங்குகளின் பார்வையில் இது அவற்றுக்காகவே கட்டிய ஊஞ்சல்.

வேடிக்கை போகட்டும், இரண்டு எச்சரிக்கைகள். நம் ஊர்களில் தெரு மின்கம்பி மாடிக்குக் கை எட்டும் தூரத்தில் ஓடுகிறது. ஏரியலைத் தூக்கும்போதோ, அது காற்றில் சாயும்போதோ எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். அப்படி இடம் இல்லாவிட்டால் கட்டவே வேண்டாம். உயிரைவிட எந்த அலைவரிசையும் பெரிதல்ல. தனியாளாகத் தூக்காதீர்கள். அடுத்தது இடி. ஐப்பசி மழையில் வானம் இருட்டினால் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெளியே நில இணைப்போடு சேர்த்துவிட வேண்டும். சோம்பல் கூடாது.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? இப்போது சொல்லுகிறேன்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி. தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு, கடல் கொண்டுபோயிற்று. பாம்பன் பாலமே உடைந்தது. தீவையும் கரையையும் இணைத்த கம்பிகள் அறுந்தன. அங்கே உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிய நேரமாயிற்று. மதுரைக்கு அது தூர தேசமல்ல. ராமேசுவரம் ரயில் நம் ஸ்டேஷன் வழியாகப் போகிற ரயில்தான்.

நாற்பது வருஷம் கழித்து, 2004 டிசம்பரில், பாரதி பிரசாத் என்ற ஹாம் தம் குழுவினரோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். போனது பொழுதுபோக்குக்காக, அபூர்வமான அந்தத் தீவிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காக. 26-ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, கடல் பொங்கிற்று. டெலிபோன் செத்துப் போயிற்று. அந்தப் பெண்மணி பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்து, ஏரியலைச் சரிசெய்து பேசத் தொடங்கினார். நாட்கணக்காகத் தூக்கமில்லாமல் அந்தப் பொழுதுபோக்கு நிலையம் வேலை செய்தது. "இன்னார் பிழைத்திருக்கிறார்" என்ற ஒற்றை வரிச் செய்திக்காகத் தரையில் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. அந்த வரி ஒரு கம்பியின் வழியாக வந்து சேர்ந்தது.

செல்போனுக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அதை ஓட்ட யாரோ எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது பல பேட்டைகளில் செல்போன் வெறும் பெட்டியாகிவிட்டதை நாம் பார்த்தோம். ஹாம் ஏரியலும் புயலில் விழாமலிருக்கப் போவதில்லை. விழும்! குவாட் நிச்சயமாக விழும். ஆனால் விலைக்கு வாங்கி மாட்டியவன் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு கம்பெனி ஆளுக்காகக் காத்திருப்பான். தன் கையால் கட்டியவனோ முறிந்த மூங்கிலை எறிந்துவிட்டு இன்னொன்றை எடுப்பான். கழி இல்லாவிட்டால் கம்பியைத் தென்னை மரத்தில் கட்டுவான். 35 அடி 5 அங்குலம் என்பது அவனுக்கு மனப்பாடம். கார் பாட்டரியை வைத்து ஒரு மணி நேரத்தில் திரும்பவும் பேசிவிடுவான். கட்டத் தெரிந்தவனுக்குத்தான் திரும்பக் கட்டத் தெரியும். புயலுக்கு மறுநாள் ஓர் ஊருக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

ஆகையால் பெற்றோர்களே, உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒருநாள் எட்டு மூங்கிலும் அரைக் கிலோ செம்புக் கம்பியும் கேட்டால் "உருப்படாத வேலை" என்று அடித்து விரட்டாதீர்கள். முதலில் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் வரும் வரையில் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நாலு பேர் சேர்ந்து சினிமாவுக்குப் போய், இடைவேளையில் கொறித்து, ராத்திரி ஓட்டலில் சாப்பிட்டு வருகிற செலவில் கழியும் கம்பியும் வந்துவிடும். கழியைப் பிடித்துக்கொள்ள நீங்களும் ஒரு கை கொடுங்கள். ஆடி பிறப்பதற்கு முன்பாகவே கயிற்றை மட்டும் இறுக்கிக் கட்டிவிடுங்கள். அண்டை வீட்டு மாமி வடகம் காயப் போடும் இடத்தில் போய் விழுந்தால், அந்த வழக்கை எந்த அலைவரிசையிலும் பேசித் தீர்க்க முடியாது!